லோஷினியின் டேப்பை அழிக்கச் சொன்ன நாள்

சர்வீஸ் கவுண்டரில் புதிதாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வாடிக்கையாளர் வாயைத் திறப்பதற்குள் "ரீசெட் பண்ணிடலாம்" என்று சொல்லாதீர்கள். போன வாரம் என் பக்கத்து வீட்டு அம்மா, டேப்பில் ஒரு ஆப்பும் அப்டேட் ஆகவில்லை என்று இங்கே ஆயர் குரோவில் ஒரு கடைக்குக் கொண்டுபோனார். கவுண்டரில் இருந்த பையன் ரீசெட் என்றான், இவர் தலையாட்டினார், முடிந்தது கதை. பேத்தியின் முதல் பிறந்தநாள் படமெல்லாம் அதோடு போயிற்று. நேரில் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று நான் செருப்பை மாட்டினேன். "அம்மா, நீங்க ரிட்டையர் ஆயிட்டீங்க, உக்காருங்க லா" என்று என் மகன் கார் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். கத்த வழியில்லாதவள் வேறு என்ன செய்வாள்? எழுதுகிறேன்.

நான் மெர்லிமாவில் கடை வைத்திருந்தவள். முதலில் கைப்பேசி, பிறகு டேப்பும் சேர்ந்துகொண்டது. ஊரில் அதற்கு "ஆன்ட்டி கடை" என்று பெயர். என்னைவிட நரைத்தவர்கள்கூட ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு விட்டுவிட்டேன். இப்போது கடையைக் கைமாற்றிவிட்டு மகன் வீட்டில் இருக்கிறேன். இருக்கிறேன் என்பது ஒரு பேச்சுக்கு. காலையில் எழுந்தால் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிறேன். டிவியைப் போடுகிறேன், நிறுத்துகிறேன். கைக்கு வேலை இல்லாவிட்டால் எனக்கு உடம்பே சரியில்லாததுபோல் இருக்கிறது.

அப்டேட் ஆகாத ஆப்பை எப்படிச் சரிசெய்வது என்று நான் பாடம் நடத்தப்போவதில்லை. இடத்தைக் காலி பண்ணுவது, லைன் வருகிறதா என்று பார்ப்பது, கணக்கிலிருந்து வெளியே வந்து மறுபடி உள்ளே போவது, இதெல்லாம் உங்களுக்கு என்னைவிட வேகமாக வரும். வராதது வேறு ஒன்று. டேப்பை மட்டும் பார்க்கிறீர்கள், அதைக் கொண்டுவந்த ஆளைப் பார்ப்பதில்லை.

ரெம்பியாவிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அவர் டேப்பைத் திறந்து கொடுத்தது அவருடைய மருமகன், அதுவும் தன் சொந்தக் கணக்கில். நம் குடும்பங்களில் இது வழக்கம்தானே? விவரமான பையன் ஒருவன் இருப்பான், சொந்தக்காரர் எல்லோருடைய டேப்பும் அவன் பெயரில்தான் ஓடும். பிறகு அவன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விடுவான், போனை எடுக்கமாட்டான். பாஸ்வர்ட் கேட்டால் பெரியவருக்குத் தெரியாது. "மருமகனோட மொத கார் நம்பர் என்னங்கய்யா?" என்று கேட்டேன். சொன்னார். முன்னால் முருகன் பெயரைப் போட்டு அவரையே அடித்துப் பார்க்கச் சொன்னேன். திறந்துகொண்டது. "அடேயப்பா, நீ என்னம்மா சூனியக்காரியா?" என்றார். சூனியமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நம் ஆட்களுக்குச் சாமியும் கார் நம்பரும் மறக்காது, அவ்வளவுதான்.

இப்போது லோஷினி கதைக்கு வருகிறேன்.

அது ஆவணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. கடையில் நல்ல கூட்டம். வாசலில் ஒரு செம்பனை லோரி வந்து பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் வந்த மோட்டார்க்காரர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். லோரியிலிருந்து இறங்கியவர் ஜரிகை போட்ட வேட்டி கட்டியிருந்தார். என் வாழ்நாளில் வேட்டியோடு லோரி ஓட்டி வந்த ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். பெயர் கணேசன். குடியிருந்த எஸ்டேட் தோட்டம் கைமாறியபோது அங்கிருந்து வெளியேறி, மெர்லிமாவுக்குப் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் வீடு வாங்கிய குடும்பம். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டுகிறவர்.

அவருக்குப் பின்னால் அவருடைய சின்ன மகள் லோஷினி. பதினோரு வயதிருக்கும். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. ஒரு இடத்தில் நிற்கவில்லை. கவுண்டரின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தாள், திரும்பினாள், நடந்தாள். பேச்சு வராத பிள்ளை. கூட்டத்தில் நின்றவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்கி இடம் விட்டார்கள்.

"அக்கா, இந்த டேப்புல ஒன்னும் அப்டேட் ஆவல," என்றார் கணேசன். "ரெண்டு மூணு நாளா வீட்ல ஒரே சத்தம். சாப்பிட மாட்றா, தூங்க மாட்றா. ஜாசின்ல ஒரு கடையில காட்டுனேன். அழிச்சிப் புதுசா போட்டாத்தான் வரும்னு சொன்னான், ஆனா அங்க ஒரே கியூ. நீங்க டக்குனு அழிச்சிக் குடுங்க. கார்ட்டூன் ஓடுனா போதும்."

"என்ன இவ்ளோ அவசரம், வேட்டி சட்டையோட?"

"மூத்தவளப் பொண்ணு கேட்டு வராங்கக்கா. ரெம்பியாக்காரங்க. எமகண்டம் முடிஞ்சதும் வீட்டுக்கு வந்துருவாங்க. காரை மச்சான் எடுத்துட்டுப் போய்ட்டான், அதான் லோரியிலயே வந்துட்டேன்."

டேப்பை வாங்கிப் பார்த்தேன். லைன் இருந்தது. இடம் இருந்தது. மேலே மூலையில் மணி சரியாக ஓடியது. ஆனால் ஆப் கடைக்குள் போனால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, உள்ளே விடவில்லை. முகப்பில் ஒரு ஆப் மேற்கொண்டு திறக்காமல் நின்றது. "இந்தப் பதிப்பின் காலம் முடிந்துவிட்டது, அப்டேட் செய்யவும்" என்று ஆங்கிலத்தில் ஒரு வாசகம், அதற்குக் கீழே ஒரே ஒரு பொத்தான். அந்தப் பொத்தானை அமுக்கினால் மறுபடி வட்டம் சுற்றியது.

எனக்கும் உங்களைப் போலத்தான் கை பரபரத்தது. வெளியே ஹாரன், உள்ளே பிள்ளையின் அழுகை, கணேசன் நொடிக்கொரு தரம் போனைப் பார்க்கிறார். அழித்துக் கொடுத்துவிட்டால் எல்லோரும் போய்விடுவார்கள். அந்த நேரத்தில் ரீசெட் என்பது உங்களுக்குச் சரிசெய்கிற வழியாகத் தெரியாது, கடையைக் காலிபண்ணுகிற வழியாகத் தெரியும். அதுதான் ஆபத்து. அதனால் நான் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். அழிப்பதற்கு முன்னால் எந்த ஆப்புக்குள் எவ்வளவு கிடக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுவேன். பார்த்தேன். கார்ட்டூன், விளையாட்டு எல்லாம் நோஞ்சானாகக் கிடந்தன. அந்தத் திறக்காத ஆப் மட்டும் வயிறு புடைத்து உட்கார்ந்திருந்தது.

"தம்பி, இது என்ன ஆப்பு?"

"அதுவாக்கா? பள்ளிக்கூடத்து டீச்சர் போட்டுக் குடுத்தது. படமா இருக்கும். அமுக்குனா மூத்தவ குரல்ல என்னமோ சொல்லும். பொம்ம மாரி. அதுல ஒன்னும் இல்லக்கா."

"ஒன்னும் இல்லாததுக்குள்ள இவ்ளோ கெடக்காது தம்பி. மூத்த பொண்ணக் கூப்பிடு."

"அவள இப்ப எப்படிக்கா? அலங்காரம் பண்ணிட்டு இருக்கா."

"அலங்காரம் பண்ணா காது கேக்காதா? கூப்பிடு!"

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவர் கூப்பிட்டார். மூத்தவள் பெயர் தர்ஷினி. நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் போனில் அலறினாள். "அழிச்சிட்டீங்களா? ஐயோ, அழிக்கலல்ல? தொடாதீங்க ஆன்ட்டி, நான் வரேன்!"

வந்தாள். பட்டுச் சேலையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, மோட்டார் ஓட்டிக்கொண்டு வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றியபோது தலையில் வைத்த மல்லிகைப்பூ பாதி நசுங்கி ஹெல்மெட்டுக்குள் ஒட்டியிருந்தது. அக்காவைப் பார்த்ததும் லோஷினி ஓடி வந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு இன்னும் பெரிதாக அழுதாள்.

"இது இவ பேசற ஆப்பு ஆன்ட்டி," என்றாள் தர்ஷினி. மூச்சு வாங்கியது. "படத்த அமுக்கித்தான் பேசுவா. மொதல்ல அதுல ஒரு வெள்ளக்காரி குரல்தான் இருந்துச்சு. அதக் கேட்டாலே இவ காதப் பொத்திக்குவா. அப்புறம் நான்தான் ஒவ்வொரு படத்துக்கும் பேசிப் பேசிப் போட்டேன். மைலோ ஐஸ், கோயில், வெளிய போலாம், தொடாத, போதும்... இவ புதுசா எதையாச்சும் கேக்க ஆரம்பிச்சா அதுக்கும் ஒரு படம் சேப்பேன். எத்தன வருசமா பண்றேன்."

"இந்தக் குரலெல்லாம் வேற எடத்துல கோப்பி எடுத்து வெச்சிருக்கியா?"

அவள் முகம் விழுந்துவிட்டது. "எடுக்கணும் எடுக்கணும்னு... அதுக்கு ஆப்பத் திறந்தாதானே ஆன்ட்டி முடியும்? இப்பத் திறக்கவே மாட்டுதே."

நிலைமை உங்களுக்குப் புரிகிறதா? அந்தக் குரல்களைக் காப்பாற்ற ஆப்பைத் திறக்க வேண்டும். திறக்க அப்டேட் வேண்டும். அப்டேட் வர ஆப் கடை உள்ளே விட வேண்டும். அது விடவில்லை. அழித்துப் போட்டால் ஆப் புதிதாக வரும், வெள்ளைக்காரி வருவாள், தர்ஷினி வரமாட்டாள். அந்தப் பிள்ளைக்கு மறுபடி ஒரு வார்த்தை இருக்காது.

இதைக் கணேசனிடம் விளக்கினேன். அவர் நெற்றியைத் தேய்த்தார்.

"அதெல்லாம் அப்புறமா மறுபடி பேசிப் போட்டுக்கலாம்க்கா. இன்னிக்கு ஒரு நாளைக்கு இவ சத்தம் போடாம இருந்தா போதும். அவங்க வந்துட்டுப் போற வரைக்கும் பக்கத்து வீட்ல உக்காந்து கார்ட்டூன் பாக்கட்டும்."

"பக்கத்து வீட்லயா?" என்றாள் தர்ஷினி. "ஏன் பக்கத்து வீட்ல?"

கணேசன் வாசலைப் பார்த்தார்.

"அப்பா. ஏன் பக்கத்து வீட்ல?"

"தரகர்தான் சொன்னாரு. இப்பவே எல்லாத்தையும் சொல்லிக்கிட்டு இருக்க வேணாம், பேசி முடிஞ்சதும் பாத்துக்கலாம்னு."

"எனக்குத் தங்கச்சி இருக்கான்னே அவங்களுக்குத் தெரியாதா?"

"ஒன் நல்லதுக்குத்தானேம்மா. நாலு எடத்துல இத சொல்லித்தானே தட்டிப்போச்சு."

புதுக் கவர் வாங்க வந்தவர்கள்கூடக் கவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தர்ஷினி அழவில்லை. தங்கையின் தலையைத் தடவிக்கொண்டே அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை, அவர் எப்படித் தாங்கினாரோ.

"அக்கா, நேரமாவுது. நீங்க அழிங்க," என்றார் கணேசன் என்னிடம். "என் டேப்பு. நான் சொல்றேன்."

பிள்ளைகளே, இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? வாடிக்கையாளர் அவர்தான். சாமான் அவருடையது. கையில் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு அதன்மேல் ஒரு உரிமையும் இல்லை. குடும்பச் சண்டையில் மூக்கை நுழைக்காதே என்று யார் கேட்டாலும் சொல்வார்கள். அது நல்ல புத்தி, பெரும்பாலும் நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் அன்றைக்கு எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் என் வாய் என் பேச்சைக் கேட்காது.

"தம்பி, ஒன் டேப்புதான். இந்தா, எடுத்துக்க. வெளிய கொண்டுபோய் லோரி சக்கரத்துக்கு அடியில போடு, நான் கேக்க மாட்டேன். ஆனா என் கையால அழிக்க மாட்டேன். அதுல இருக்கறது ஒன்னோடது இல்ல. அந்தப் புள்ளையோட வாயி."

டேப்பை அவர் முன்னால் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும், எனக்கு அந்தப் பயம் அப்போதே இருந்தது. அவர் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. அவர் மனைவி. கடைக்கே கேட்கிற மாதிரி குரல்.

"ஏங்க, எங்கதான் இருக்கீங்க? கேசரி ஆறிப்போச்சி, வடைக்கு எண்ண காயுது, பொண்ணு மோட்டார எடுத்துட்டு எங்கயோ ஓடிட்டா!"

போனை என்னிடம் கொடுக்கச் சொன்னேன். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். "டேப்பில் என்ன செய்தீர்கள்?" என்று யாரையும் கேட்காதீர்கள். "நான் ஒன்னும் பண்ணல" என்று மட்டும்தான் பதில் வரும். தொட்டவரும் அதையே சொல்வார், தொடாதவரும் அதையே சொல்வார். பிள்ளை கையில் டேப் இல்லாத நேரத்தில் அந்த வீட்டில் என்ன பேச்சு ஓடுகிறது, யாருக்கு என்ன கவலை, அதைக் கேளுங்கள். அந்த வீட்டில் அப்போது ஓடிய பேச்சு கல்யாணம்.

"அம்மா, நான் டேப்பு கடை ஆன்ட்டி பேசறேன். மகளுக்குக் கல்யாணமாமே, எப்ப வெச்சிருக்கீங்க?"

கோபமாக ஆரம்பித்த குரல் அப்படியே குழைந்துபோயிற்று. "ஆமாம் ஆன்ட்டி. எல்லாம் கூடி வந்தா தையிலதான். நல்ல நாளெல்லாம் பாத்து வெச்சிட்டேன்."

இன்னும் பெண் கேட்டே வரவில்லை, அதற்குள் முகூர்த்தம் பார்த்தாயிற்று. நம் அம்மாக்களை யார் என்ன சொல்ல முடியும்?

"தைக்கு இப்பவே எப்படிமா நாள் பாத்தீங்க? அடுத்த வருசத்துக் காலண்டர் இன்னும் கைக்கு வந்திருக்காதே?"

"காலண்டர் எதுக்கு? சின்னவ டேப்புலயே பஞ்சாங்கம் இருக்குல்ல. அதுல இன்னிக்கு நாள மட்டும்தான் சும்மா காட்டுவான். மத்த நாளப் பாக்கணும்னா காசு கேக்கறான். நான் உடுவனா? டேப்புல தேதிய முன்னாடி தள்ளுனேன். அது தைதான்னு நெனச்சிக்கிச்சு. ஒவ்வொரு நாளா தள்ளித் தள்ளி, மூணு நல்ல முகூர்த்தம் எடுத்துட்டேன்!"

தலையில் அடித்துக்கொண்டேன்.

"திருப்பி வெச்சீங்களா?"

"எத?"

"தேதிய!"

அந்தம்மா அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. "திருப்பி வெக்கணுமா ஆன்ட்டி?" என்றார்.

சிரிக்கவா அழவா? அந்த டேப் தை மாதத்தில் போய் உட்கார்ந்திருந்தது. நாங்கள் ஆவணியில் நின்றுகொண்டு அதை வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். தேதி பொருந்தாததால் ஆப் கடை கதவைச் சாத்திவிட்டது. பேசுகிற ஆப்போ, இத்தனை மாதமாக யாரும் நம்மை அப்டேட் செய்யவில்லை, நம் காலம் முடிந்தது என்று தானே முடிவுகட்டிக்கொண்டது. அந்தம்மா தேதியை மட்டும் தள்ளினார், மணியைத் தொடவில்லை. அந்த டேப்பின் முகப்பில் தெரிவது மணி மட்டும்தான். மணி சரியாக இருந்ததால் நானும் தேதியைப் பார்க்கவில்லை, ஜாசின்காரனும் பார்க்கவில்லை. ஒன்று சரியாக இருந்தால் பக்கத்தில் இருப்பதும் சரியாக இருக்கும் என்று மனசு தானாக நினைத்துக்கொள்கிறது. நினைக்க விடாதீர்கள்.

தேதியைத் தானாக ஓடும்படி மாற்றினேன். ஆப்பை மூடித் திறந்தேன். அந்த ஆங்கில வாசகம் இல்லை. வரிசை வரிசையாகப் படங்கள் வந்தன. சோறு, தண்ணீர், அப்பாவின் லோரி, கோயில், மோட்டார், குளியல், சின்னச் சின்னக் கட்டங்களாக ஒரு முழு வீடு. தர்ஷினி "அம்மாடி" என்று கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டாள்.

லோஷினி பார்த்துவிட்டாள். பாய்ந்து வந்து டேப்பை இழுத்தாள். நான் விடவில்லை. என்னைக் கல்நெஞ்சக்காரி என்று அங்கே நின்ற எல்லோரும் நினைத்திருப்பார்கள். நகத்தால் என் மணிக்கட்டைக் கீறினாள், அப்போதும் விடவில்லை. முதலில் கோப்பி. திறந்த கதவு மறுபடி எப்போது சாத்திக்கொள்ளும் என்று யாருக்குத் தெரியும்? அப்டேட் காத்திருக்கலாம், பிள்ளையின் அழுகைகூடக் கொஞ்சம் காத்திருக்கலாம். ஒரு மெமரி கார்டில் அத்தனை குரலையும் எடுத்து, தர்ஷினியின் உள்ளங்கையில் வைத்து விரலை மடக்கினேன். பிறகுதான் டேப்பை லோஷினியிடம் கொடுத்தேன்.

அவள் ஒரு பக்கம் தள்ளினாள், இன்னொரு பக்கம் தள்ளினாள். எங்கே போக வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒரு படத்தை அமுக்கினாள். தர்ஷினியின் குரல் தெளிவாக வந்தது.

"பல்லு."

இன்னொரு படம்.

"வலிக்குது."

மறுபடி அமுக்கினாள். "பல்லு. வலிக்குது. பல்லு. வலிக்குது." நிறுத்தவில்லை. இத்தனை நாள் சொல்லாமல் தேங்கியதை எல்லாம் சேர்த்துச் சொல்கிறவள் மாதிரி அமுக்கிக்கொண்டே இருந்தாள். அமுக்க அமுக்க அவள் அழுகை மட்டும் குறைந்துகொண்டே வந்தது.

தர்ஷினி தரையில் மண்டியிட்டு, பட்டுச் சேலை அழுக்காவதைப் பார்க்காமல், தங்கையின் வாயைத் திறந்து கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தாள். கடைவாய்ப் பக்கம் ஈறு சிவந்து வீங்கி, சீழ் கட்டியிருந்தது. பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல் கிடந்தது கார்ட்டூனுக்காக இல்லை. சொல்ல வாய் இல்லாமல் கிடந்தாள். டேப்பை அழித்திருந்தால் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து, ஓடுகிற பொம்மைப் படத்துக்கு முன்னால் இன்னும் அழுதுகொண்டிருந்திருப்பாள். அடம் பிடிக்கிறாள் என்றுதான் நாம் எல்லோரும் சொல்லியிருப்போம்.

கணேசன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "பல்லு வலியா?" என்றார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. "பல்லு வலியாம்மா ஒனக்கு?"

லோஷினி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அவளிடம் ஒரு கேள்வி கேட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை என்று பிறகு தர்ஷினி என்னிடம் சொன்னாள். பிள்ளை டேப்பில் தேடி ஒரு படத்தை அமுக்கினாள். "ஆமா" என்றது. அப்புறம் இன்னொன்று. "அப்பா."

அவர் வேட்டி முனையால் முகத்தை மூடிக்கொண்டார். அந்த முதுகு குலுங்கியதை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்தேன்.

போன் அடித்தது. இந்தத் தடவை அவர் மனைவி இல்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர். ஜாசினைத் தாண்டிவிட்டார்களாம், வீட்டுக்கு வழி கேட்கிறார்.

கணேசன் எழுந்து நின்றார். தொண்டையைக் கனைத்தார். ஏதாவது பொய் சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். ரோட்டில் கூட்டம், லோரி பழுது, இப்படி ஒன்று. தர்ஷினியும் அப்படித்தான் நினைத்திருப்பாள். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு கதவுப் பக்கம் நகர்ந்துவிட்டாள்.

"ஐயா, மன்னிச்சிக்குங்க," என்றார் கணேசன். "நீங்க வீட்டுக்குப் போய் உக்காருங்க, வீட்டுக்காரி இருக்காங்க. நாங்க வரக் கொஞ்சம் லேட்டாவும். இங்க பல் டாக்டரப் பாக்க கிளினிக் கிகி போறோம். சின்ன மகளுக்குப் பல்லு வலி."

மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். கணேசன் நெற்றி வேர்வையைத் துடைத்தார். லோஷினி டேப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லங்க, தரகர் சரியா சொல்லல," என்றார். பிறகு நிறுத்தி, "இல்ல, நான்தான் சொல்ல வேணாம்னேன்," என்றார். அதற்கடுத்து அவர் சொன்னது வாசலில் நின்ற மோட்டார்க்காரர்களுக்கும் கேட்டது.

"எனக்கு ரெண்டு பொண்ணுங்க."